கருவாடும் கருப்பட்டியும் விற்க ஆன்லைன் கடை: எந்த மென்பொருள் உங்கள் கைக்குச் சரிப்படும்?

மண்டபம், பாம்பன், தொண்டி, கீழக்கரை, சாயல்குடி என்று நம் ராமநாதபுரம் பக்கம் யார் ஆன்லைன் கடை போட நினைத்தாலும் முதலில் கேட்பது "ஷாப்பிஃபையா, வூகாமர்ஸா?" என்பதுதான், இரண்டும் ஆன்லைன் கடை நடத்தும் மென்பொருள்கள். பெயரை அப்புறம் பார்க்கலாம். வெப்சைட் போட்டுக் கொடுக்கிற தம்பி கொஞ்ச நாள்தான் கூட இருப்பார், அதற்குப் பிறகு விலை மாற்றுவது, ஆர்டர் பார்ப்பது, வாடிக்கையாளருக்குப் பணத்தைத் திருப்பிப் போடுவது எல்லாமே உங்கள் தலையில்தான். அதனால் அந்த வேலைகளை உங்கள் போனிலேயே, யாரையும் கூப்பிடாமல் செய்ய முடிகிறதா என்று பார்த்துத் தேர்ந்தெடுப்போம்.

1. வேலைகளை ஒரு தாளில் எழுதுங்கள்

மென்பொருளின் வசதிப் பட்டியலைப் படிக்கும் முன் உங்கள் கடையின் வேலைப் பட்டியலை எழுதுங்கள். நம் கடையில் அடிக்கடி நடப்பது விலை மாற்றமும் "சரக்கு இல்லை" என்று போடுவதும்தான். ஏப்ரல் 15 முதல் ஜூன் 14 வரை 61 நாள் மீன்பிடித் தடைக்காலம், விசைப்படகு கடலுக்குப் போகாது, நாட்டுப்படகுக்காரர் கொண்டுவருவதை வைத்துத்தான் ஓட்ட வேண்டும், நெத்திலி விலை ஒரு இடத்தில் நிற்காது. கருப்பட்டிக்கு வேறு கணக்கு: பதநீர் இறக்கும் மாதங்களில் ஒரு விலை, அது முடிந்ததும் வேறு விலை, மழைக்காலத்தில் இளகிவிடும் என்பதால் தூரத்து ஊர்களுக்கு அனுப்பவே யோசிக்க வேண்டும். ஆக, உங்களுக்கு வேண்டியது விலையையும் இருப்பையும் சட்டென்று மாற்றத் தெரிந்த கடை. முகப்பில் படம் பறந்து பறந்து மாறுவதெல்லாம் இரண்டாம் பட்சம்.

2. வகை தெரிந்துகொள்ளுங்கள்

ஷாப்பிஃபை, ஜோஹோ காமர்ஸ், டுக்கான் போன்றவை சந்தா கட்டிப் பயன்படுத்துபவை. சர்வர், பாதுகாப்பு, அப்டேட் எல்லாம் அவர்கள் பாடு. வூகாமர்ஸ் என்பது வேர்ட்பிரஸ் என்ற வெப்சைட் கட்டும் மென்பொருள் மேல் ஓடும் ப்ளகின், அதாவது கூடுதல் இணைப்பு; மென்பொருள் இலவசம், ஆனால் டொமைன் (கடையின் வெப் முகவரி), ஹோஸ்டிங் (வெப்சைட்டை வைக்கும் இடம்) காசும், ப்ளகின் அப்டேட்டும், பேக்கப்பும் உங்கள் பொறுப்பு. அப்டேட் போட்ட மறுநாள் பணம் கட்டும் செக்அவுட் பக்கம் வேலை செய்யவில்லை என்றால் யாரைக் கூப்பிடுவீர்கள்? பதில் கைவசம் இருந்தால் தாராளமாக எடுக்கலாம். ஓப்பன்கார்ட், பிரஸ்டாஷாப், மஜென்டோ எல்லாமும் இலவசமாகக் கிடைப்பவைதான், ஆனால் டெவலப்பர் இல்லாத கடைக்காரருக்கு நான் சொல்ல மாட்டேன், மஜென்டோவை நிச்சயமாகச் சொல்ல மாட்டேன்.

இன்னொன்று, வாரத்துக்கு நாலைந்து ஆர்டர்தான் வருகிறது என்றால் வாட்ஸ்அப் பிசினஸில் உள்ள கேட்டலாக்கே இப்போதைக்குப் போதும். காசு கிடையாது.

3. இலவச சோதனைக் காலத்தில் நீங்களே உட்காருங்கள்

இதுதான் முக்கியமான படி, இதைத்தான் எல்லோரும் தாண்டிப் போகிறார்கள். இரண்டு மென்பொருளில் சோதனைக் கணக்குத் திறந்து, லேப்டாப்பைத் தொடாமல் போனில் இதைச் செய்யுங்கள்: நெத்திலிக் கருவாடு என்று ஒரு பொருளைப் போட்டு, அதன் கீழே 100 கிராம், 250 கிராம், 500 கிராம் என்று மூன்று அளவு, மூன்று விலை கொடுங்கள். 250 கிராம் விலையை மட்டும் மாற்றுங்கள். 500 கிராமை "இருப்பு இல்லை" ஆக்குங்கள். வேறொரு போனிலிருந்து ஒரு ஆர்டர் போட்டு, அதை ரத்து செய்து, பணத்தைத் திருப்பி அனுப்பும் பொத்தான் எங்கே இருக்கிறது என்று தேடுங்கள். பக்கத்தில் இருப்பவர் "அங்கே அமுக்குங்க" என்று சொல்லக் கூடாது. எங்கே முழிக்கிறீர்களோ அங்கேதான் நாளைக்கும் முழிப்பீர்கள்.

தமிழையும் சோதியுங்கள். கடைப் பக்கத்தில் தமிழ் எழுத்து அழகாக வரும், பில்லை பிடிஎஃப் ஆக இறக்கினால் "நெத்திலி" இருந்த இடத்தில் வெறும் கட்டம் கட்டமாக நிற்கலாம், அந்த பில்லுக்கு வைத்திருக்கும் எழுத்துருவில் தமிழ் இல்லாவிட்டால். தேடல் பெட்டியில் வாடிக்கையாளர் நெத்திலியை ஆங்கில எழுத்தில் விதவிதமாகத் தட்டுவார், அப்போதும் பொருள் வருகிறதா பாருங்கள். வரவில்லை என்றால் அந்த எழுத்துக்கூட்டல்களைப் பொருளின் குறிச்சொல்லாகச் சேர்க்க இடம் இருக்க வேண்டும்.

கீழக்கரைக்காரர்களுக்குத் தனியாக ஒன்று: துபாயில் இருக்கும் பிள்ளை பணம் கட்டி, சென்னையில் இருக்கும் அம்மாவுக்கு நம் ஊர் இனிப்பான தொதல் அனுப்பச் சொல்வது நமக்குச் சாதாரணம். பணம் கட்டுபவர் முகவரியும் சரக்குப் போகும் முகவரியும் வேறாக இருக்க மென்பொருள் விடுகிறதா, போன் எண் கட்டம் பத்து இலக்கத்துக்கு மேல் ஏற்கிறதா என்று பாருங்கள். வெளிநாட்டு கார்டு ஏற்க பேமென்ட் கேட்வேயிடம் (ஆன்லைனில் பணம் வாங்கித் தரும் நிறுவனம்) தனியாக அனுமதி கேட்க வேண்டியிருக்கும். சரக்கையே வெளிநாட்டுக்கு அனுப்புவது வேறு கதை, ஒவ்வொரு நாட்டுக்கும் உணவுப் பொருள் விதி தனி, ஆரம்பத்தில் அதைத் திறக்காதீர்கள்.

4. பணமும் கூரியரும்

பேமென்ட் கேட்வே கட்டணம் 2 சதவீதம் என்றால் 500 ரூபாய் ஆர்டருக்கு 10 ரூபாய், அதன் மேல் 18 சதவீத ஜிஎஸ்டி 1.80, ஆக 11.80 ரூபாய் போகும். சில மென்பொருள்கள் இதற்கு மேல் தங்கள் பங்காக ஒரு டிரான்ஸாக்‌ஷன் கட்டணமும் பிடிக்கும்; விலைப் பக்கத்தில் அந்த வரியைத் தேடிப் படித்துவிட்டு மாதச் சந்தாவை ஒப்பிடுங்கள்.

கூரியரில் நம் ஆட்கள் அடிபடுவது பெட்டி அளவில். பல கூரியர்கள் நீளம், அகலம், உயரத்தை சென்டிமீட்டரில் பெருக்கி 5000-ஆல் வகுப்பார்கள், வரும் எண்ணிலும் நிஜ எடையிலும் எது அதிகமோ அதுதான் காசு போடும் எடை. ஒரு கிலோ கருப்பட்டியை ஆசையாக ஓலைப்பெட்டியில் வைத்து 30, 25, 20 சென்டிமீட்டர் அட்டைப்பெட்டிக்குள் போட்டால் 3 கிலோவுக்குக் காசு. ஆகவே பொருளுக்கு எடையோடு பெட்டி அளவையும் போட வழி உண்டா, பின்கோடு வாரியாக டெலிவரி கட்டணம் வைக்க முடியுமா என்று கேளுங்கள். கருவாடு எடுக்காத கூரியரும் உண்டு, முன்னாலேயே பேசிக்கொள்ளுங்கள். கேஷ் ஆன் டெலிவரியை அணைத்து வைக்கும் வசதி கட்டாயம் வேண்டும், திரும்பி வந்த கருவாட்டுப் பார்சலை வைத்து என்ன செய்வீர்கள்?

5. சாவி உங்களிடம்

டொமைன் உங்கள் பெயரில், உங்கள் இமெயிலில், ஓடிபி உங்கள் போனுக்கு வரும்படி இருக்கட்டும். செய்து கொடுப்பவர் பெயரில் வாங்கிவிட்டு அவர் ஊர் மாறிப்போனால் கடையின் பெயரே அவரோடு போய்விடும். பொருள் பட்டியலையும் வாடிக்கையாளர் பட்டியலையும் எக்செல்லில் திறக்கும் சிஎஸ்வி கோப்பாக இறக்க முடிகிறதா என்று சோதனைக் காலத்திலேயே ஒரு தடவை இறக்கிப் பாருங்கள்.

6. போட வேண்டிய விவரங்கள்

14 இலக்க எஃப்எஸ்எஸ்ஏஐ (உணவுப் பாதுகாப்பு) எண், நிகர எடை, எம்ஆர்பி, புகார் கேட்பவர் பெயரும் தொடர்பும், ரிட்டர்ன் விதி. இவற்றுக்கெல்லாம் இடம் இருந்தால் சரி. வெளிமாநில ஆர்டருக்கு ஜிஎஸ்டி பதிவு வேண்டுமா என்பது பொருளைப் பொறுத்தது, ஆடிட்டரிடம் கேட்டுவிடுங்கள்.

என்னைக் கேட்டால், தனியாளாக நடத்தும் கடைக்குச் சந்தா வகைதான். வீட்டில் வேர்ட்பிரஸ் தெரிந்த பிள்ளை ஒன்று இருந்து, அது வெளியூர் வேலைக்குப் போனாலும் பார்த்துக்கொள்ளும் என்றால் வூகாமர்ஸ். எதை எடுத்தாலும் வருடச் சந்தா தள்ளுபடிக்கு உடனே தலையாட்டாமல் முதலில் மாதாமாதம் கட்டுங்கள். கூரியரும் கமிஷனும் போக ஒரு பார்சலுக்குக் கையில் எவ்வளவு நிற்கிறது என்று தெரிந்த பிறகு வருடக் கணக்குக்கு மாறிக்கொள்ளலாம்.