புளியங்கொட்டை, முறுக்கும் டைமர், மக்கன் பேடா: ஏ.டி.எச்.டி பிள்ளையோடு மாலை நேரத்தைச் சமாளிப்பது எப்படி?

என் மகனுக்கு எட்டு வயது. ஏ.டி.எச்.டி, அதாவது கவனம் நிலைக்காமல் மிகையாகத் துறுதுறுக்கும் நிலை, என்று மருத்துவர் சொல்லி ஒன்றரை ஆண்டு ஆகிறது. அதை இங்கே விரிவாக விளக்கப் போவதில்லை. வீட்டில் மட்டும் அல்லது பள்ளியில் மட்டும் துறுதுறுவென்று இருந்தால் அது ஏ.டி.எச்.டி ஆகாது. இரண்டு இடங்களிலாவது தெரிய வேண்டும். சந்தேகம் இருந்தால் வேலூர்க்காரர்களுக்குப் பாகாயத்தில் சி.எம்.சி.யின் மனநல மையம் இருக்கிறது.

நான் மருந்துக்கு எதிரி இல்லை. ஆறு வயதுக்குக் கீழே பெற்றோருக்கான பயிற்சியே முதல் சிகிச்சை, அதற்கு மேல் மருந்தோடு பயிற்சியும் சேர வேண்டும் என்கிறது அமெரிக்கக் குழந்தை மருத்துவர் கழகத்தின் 2019 வழிகாட்டுதல். இதைப் படித்துவிட்டு மாத்திரையை நிறுத்திவிடாதீர்கள்.

படி 1: பள்ளி விட்டு வந்ததிலிருந்து தூங்கும் வரை செய்ய வேண்டியவற்றைப் படமாக வரைந்து சுவரில் ஒட்டுங்கள். ஐந்து படம் போதும்.

படி 2: ஒரு நேரத்தில் ஒன்றை மட்டும் சொல்லுங்கள். "ஷூவைக் கழற்று, டிபன் டப்பாவைத் தேய்க்கப் போடு, கை கழுவு" என்று சமையலறையிலிருந்து கத்துவேன். ஒற்றை ஷூவோடு மொட்டை மாடியில் பூனையிடம் பேசிக்கொண்டிருப்பான். இப்போது அருகில் போய்த் தோளைத் தொட்டு, ஒன்றைச் சொல்கிறேன். அது முடிந்ததும் அடுத்தது.

படி 3: பரிசு. நான் வழுக்கி விழுந்த இடம் இதுதான்.

மாதம் முழுவதும் வீட்டுப்பாடம் எழுதினால் சைக்கிள் என்றேன். மூன்று நாள் எழுதினான். நான்காம் நாள் சைக்கிளைப் பற்றிய பேச்சே இல்லை. சோம்பேறி என்று திட்டினேன். இந்தப் பிள்ளைகளுக்குத் தூரத்துப் பரிசு மங்கலாகத்தான் தெரியும், கைக்கெட்டியதுதான் இழுக்கும் என்பது எனக்கு அப்போது புரியவில்லை.

பிறகு ஒரு கண்ணாடிப் பாட்டில் வைத்தேன். சொன்னதைச் செய்தால் அந்த நொடியே ஒரு புளியங்கொட்டை உள்ளே விழும். கூடவே, எதற்காக என்றும் சொல்வேன்: "கூப்பிட்டதும் வந்தாய், கண்ணு." வெறும் 'நல்ல பிள்ளை' அவனுக்கு எதையும் சொல்வதில்லை. பத்துக் கொட்டை சேர்ந்தால் அன்றைக்கே அப்பாவோடு அரை மணி நேரம் பூப்பந்து.

அடுத்த தவறு: தம்பியை அடித்தால் கொட்டையைத் திரும்ப எடுத்தேன். எட்டாம் நாள் பாட்டில் காலி. "எனக்கு வேண்டாம்" என்று அதை உருட்டிவிட்டான். கழிக்கும் முறையும் உண்டுதான், தொடக்கத்தில் வேண்டாம். விழுந்தது விழுந்ததுதான். முதல் வாரத்தில் அவன் ஏற்கெனவே பாதி நாள் செய்கிற வேலைகளையே தேர்ந்தெடுங்கள்.

படி 4: பத்து நிமிடம் எழுத்து, மூன்று நிமிடம் ஓட்டம். இதற்குச் சமையலறையில் முறுக்கி வைக்கும் டைமரை வாங்குங்கள். செல்பேசி கூடவே கூடாது. டைமர் வைக்க எடுத்தவன் திரும்புவதில்லை, நானும்தான். மணல் கடிகாரம் அழகு, ஆனால் அதைக் கவிழ்த்து விளையாடியே மாலை போய்விட்டது.

படி 5: காலையில் கோட்டை மைதானத்தில் இருபது நிமிடம் ஓடவிடுகிறோம். ஏப்ரல், மே வெயிலில் ஆறு மணிக்கே போய்விட வேண்டும். இரவு ஒன்பதுக்குத் தூக்கம். இனிப்புதான் காரணம் என்று தெருவே சொன்னது. ஆய்வுகள் அப்படிச் சொல்லவில்லை. ஆற்காடு மக்கன் பேடா எங்கள் வீட்டில் தொடர்கிறது.

ஆசிரியரிடம் முன்வரிசை இடம் கேளுங்கள். பிள்ளை செய்ததா என்று நாட்குறிப்பில் இரண்டே இரண்டு வேலைகளுக்கு டிக் போடச் சொல்லுங்கள். ஐந்து கேட்டபோது யாரும் போடவில்லை.

பின்சேர்க்கை: "இரண்டு வாரத்தில் சலித்துவிட்டது" என்று பலர் எழுதியிருந்தீர்கள். சலிக்கத்தான் செய்யும். பரிசை மாற்றுங்கள், பாட்டிலை மாற்ற வேண்டாம். கைக்குழந்தை இருக்கும் வீட்டில் புளியங்கொட்டை ஆபத்து என்று ஓர் அம்மா சுட்டிக்காட்டினார். உண்மை, அங்கே காகிதத்தில் நட்சத்திரம் வரையலாம்.

இன்னொரு பின்சேர்க்கை: ஒரு நாள் பாட்டில் திடீரென்று நிரம்பியிருந்தது. ஆயாவின் புளிப் பானையிலிருந்து கொட்டை எடுத்துப் போட்டிருக்கிறான். இப்போது எங்கள் வீட்டுக் கொட்டைகளுக்குச் சிவப்பு நகப்பூச்சு. அந்த நகப்பூச்சுச் சீசாவை அலமாரியில் பூட்டி வைத்திருக்கிறேன்.