எழுத்துக் குழுவில் எழுத்து நின்றுபோவது எதனால்?

பெங்களூரில் வேலைக்குப் போய்க்கொண்டே கதை, கவிதை எழுதுகிறவர்கள் நாலைந்து பேர் சேர்ந்து குழு தொடங்குவது அடிக்கடி நடக்கிறது. முதல் மாதம் களைகட்டும். ஆறாம் மாதம் வாட்ஸப் குழு மட்டும் மிஞ்சியிருக்கும். அதில் காலை வணக்கமும் பிறந்தநாள் வாழ்த்தும் ஓடும். சண்டை போட்டுக் கலைகிற குழுக்கள் குறைவு. சின்னச் சின்னத் தவறுகளில்தான் சுருதி இறங்குகிறது.

அதில் பெரியது, எதைப் படித்தாலும் "அருமை" என்று சொல்லிவிட்டு நகர்வது. கேட்க இனிக்கும், ஆனால் அடுத்த கதைக்கு எடுத்துப்போக அதில் ஒன்றும் இல்லை. எல்லாக் கதைக்கும் அதே "அருமை" வந்தால், யாராவது படிக்கிறார்களா என்றே சந்தேகம் வந்துவிடும். ஒரு கதையில் சிவாஜிநகர் பஸ் ஸ்டாண்டில் மகனுக்காகக் காத்திருக்கும் அம்மா வருகிறாள் என்று வையுங்கள். "அவங்க டிபன் டப்பாவைத் திறந்து பார்த்துட்டு மறுபடி மூடுற இடம் பிடிச்சது. ஆனா மகன் வந்ததும் தன் வருத்தத்தை அவங்களே விளக்க ஆரம்பிக்கிறாங்க, அங்கே எனக்குக் கதை விட்டுப்போச்சு" என்று ஒருவர் சொல்லட்டும், அன்று இரவே திருத்த உட்காரத் தோன்றும். உண்மையிலேயே படித்திருக்கிறார் என்று தெரிகிறதே, அதுவே பாதி தெம்பு.

இன்னொரு தவறு இந்த ஊருக்கென்றே உள்ளது. இங்கே பிறந்து வளர்ந்த பலர் பள்ளியில் படித்தது கன்னடமும் ஆங்கிலமும். தமிழை வீட்டிலும் வாரப் பத்திரிகைகளிலும் பிடித்துக்கொண்டவர்கள். ரகர றகரம் குழம்பும், ஒற்று விடுபடும். அப்படி ஒருவர் தயங்கித் தயங்கி முதல் கதையைப் போட்டதும், "'மறம்' இல்லை சார், 'மரம்'" என்று எல்லார் முன்னாலும் ஆரம்பித்தால் அவர் இரண்டாவது கதையைத் தரவே மாட்டார். பிழைகளைத் தனியாகக் குறித்து அனுப்பலாம், அவசரமே இல்லை. பாத்திரங்கள் "சொல்ப தள்ளி நில்லுப்பா" என்று, 'கொஞ்சம்' என்பதற்குக் கன்னடச் சொல்லைக் கலந்து பேசினால், அதையும் 'சரிசெய்ய' வேண்டாம். இங்கே அப்படித்தான் பேசுகிறார்கள்.

எழுதியவர் பக்கத் தவறு, ஒவ்வொரு குறைக்கும் வக்காலத்து வாங்குவது. "நான் சொல்ல வந்தது என்னன்னா..." என்று தொடங்கினால் மற்றவர்கள் அடுத்த முறை வாயைத் திறக்க மாட்டார்கள். அமெரிக்காவில் 1936-ல் தொடங்கிய ஐயோவா எழுத்துப் பட்டறை வழியாகப் பரவிய வழக்கப்படி, கதையைப் பற்றிப் பேசும்போது எழுதியவர் பேசக் கூடாது. அவ்வளவு கறாராக இருந்தால் கூண்டில் நிற்பதுபோல் ஆகிவிடும் என்று அதற்கு எதிர்ப்பும் உண்டு. எனக்கும் அது ஒத்துவராது. முதலில் எழுதியவரே ஒரு கேள்வி கேட்கட்டும்: "முடிவு முன்னாடியே தெரிஞ்சுதா?" அப்புறம் கொஞ்ச நேரம் கேட்டுக்கொண்டிருக்கட்டும்.

இலக்கு வைப்பதிலும் ஆசை மீறுகிறது. ஒரே மாதத்தில் 50,000 சொற்களில் ஒரு நாவல் என்பது 1999-ல் அமெரிக்காவில் தொடங்கி, பிறகு நவம்பருக்கு மாறிய சவால். நாளுக்குக் கிட்டத்தட்ட 1,667 சொற்கள். வைட்ஃபீல்டு அலுவலகத்திலிருந்து இரவு ஒன்பதுக்கு வீடு சேருகிறவர் நாலாம் நாளே பின்தங்கி, அந்த வெட்கத்தில் குழுவுக்கே வராமல் போவார். வாரம் ஒரு பக்கம் போதும். அதையும் விட்டால் அபராதம், கிண்டல் எதுவும் கூடாது.

பன்னிரண்டு பேர் இரண்டு மணி நேரம் கூடினால் ஆளுக்குப் பத்து நிமிடம்தான், அதில் பாதி போக்குவரத்து நெரிசலைப் பற்றிய புலம்பலில் போகும். ஐந்தாறு பேர் சரி. இடத்தையும் ஒருவர் வீட்டுக்குப் பக்கமாக வைக்காதீர்கள். ஊரின் இரு கோடியில் உள்ள வைட்ஃபீல்டும் கெங்கேரியும் ஒரே ஊதா மெட்ரோத் தடத்தில் இருக்கின்றன. நடுவில் கப்பன் பார்க்கில் இறங்கினால் மர நிழல் இலவசம்.

கடைசியாக, எழுதாமல் இருப்பவரை "என்ன சார், இந்த வாரமும் இல்லையா?" என்று கேட்பது. குழந்தைக்குப் பரீட்சை இருக்கும், வேலையில் நெருக்கடி இருக்கும், சும்மாவேகூட எழுத வராமல் இருக்கலாம். அவரிடம் மற்றவர் கதையைக் கொடுத்து, "எங்கே சலிப்பு தட்டுதுன்னு மட்டும் பென்சிலால் கோடு போட்டுக் கொண்டு வாங்க" என்று சொல்லுங்கள். எழுதாத மாதங்களிலும் அவருக்குக் கூட்டத்தில் ஒரு வேலை இருக்கும்.