ஒரே ஜோடி, ஒரே வீடு, வேறு வேறு காதல் கதைகள்: புதிதாக எழுத வருபவர்களுக்கு

போன மாதம் காரைக்குடியில் கல்லூரியில் படிக்கும் ஒரு பெண் தன் தொடர்கதையின் முதல் ஐந்து எபியை (எபிசோடை) எனக்கு அனுப்பியிருந்தாள். "அக்கா, இது குடும்பக் கதையா, சஸ்பென்ஸா, பழைய காலத்துக் கதையா, எந்த வகைன்னு போடுறதுன்னே தெரியல, நீங்க படிச்சுட்டுச் சொல்லுங்க" என்று கேட்டிருந்தாள். படித்தேன். ஆத்தங்குடி டைல்ஸ் இருந்தது, கண்டாங்கி சேலை இருந்தது, கவுனி அரிசி, கந்தரப்பம், பர்மா தேக்குக் கதவு, பூட்டிக் கிடக்கும் ஓர் அறை என்று எல்லாமே இருந்தது. அந்த இரண்டு பேரையும் சேரவிடாமல் எது தடுக்கிறது என்பது மட்டும் எங்கேயும் இல்லை. அவளுக்கு எழுதிய பதிலைத்தான் விரித்து இங்கே போடுகிறேன்.

முதல் படி: உரிப்பொருளைப் பிடியுங்கள்

காதல் கதை என்று பெயர் போட்டுவிட்டால் வாசகருக்கு நீங்கள் இரண்டு வாக்கு கொடுத்ததாக அர்த்தம். காதல்தான் கதையின் நடுத்தண்டு, அது ஒன்று. கடைசியில் அந்த இருவரும் ஒன்றாக இருப்பார்கள், இது இன்னொன்று. இந்த இரண்டையும் மீறுகிற கதையும் நல்ல கதையாக இருக்கலாம், ஆனால் அதை வேறு அலமாரியில் வையுங்கள். லண்டனில் 1908-ல் தொடங்கிய மில்ஸ் அண்ட் பூன் மாதிரி பதிப்பகங்கள் இந்த வாக்குக்கு உள்ளேயேதான் சரித்திரக் காதல், மருத்துவமனைக் காதல் என்று தனித்தனி வரிசை வைத்திருக்கிறார்கள்.

அப்படியானால் ஒரு வகை இன்னொரு வகையிலிருந்து எங்கே பிரிகிறது? இதற்கு நம்மிடமே பழைய பதில் இருக்கிறது. தொல்காப்பியம் அகப்பாடலை முதற்பொருள், கருப்பொருள், உரிப்பொருள் என்று மூன்றாகப் பார்க்கிறது. நிலமும் பொழுதும் முதல். மரம், பறவை, உணவு, தொழில் எல்லாம் கரு. கூடல், இருத்தல், பிரிவு, ஊடல், இரங்கல் என்கிற அந்த மன நிலைதான் உரி. குறிஞ்சியைக் குறிஞ்சி ஆக்குவது மலை மட்டும் இல்லை, அங்கே நடக்கும் சந்திப்பு. புதிதாக எழுதுகிறவர்கள் பெரும்பாலும் கருப்பொருளிலிருந்து தொடங்குகிறார்கள். செட்டிநாட்டுக் கதை என்றால் டைல்ஸும் பலகாரமும் என்று நினைத்துவிடுகிறார்கள். தலைகீழாகப் போங்கள். என் இருவரும் எந்த மன நிலையில் மாட்டிக்கொண்டிருக்கிறார்கள் என்று ஒரே ஒரு வரி எழுதுங்கள், வகை தானாக அங்கிருந்து வரும்.

இரண்டாம் படி: ஒரு ஜோடி, ஒரு வீடு

பயிற்சிக்கு நான் ஒரு ஜோடி தருகிறேன். கானாடுகாத்தானில் ஒரு பெரிய வீடு. பங்காளிகள் எல்லாரும் வெளியூரில், உமையாளும் அவள் அப்பத்தாவும் மட்டும் அங்கே இருக்கிறார்கள். முகப்பில் நிற்கும் தேக்குத் தூண்களை விலை பேச காரைக்குடி முனீஸ்வரன் கோவில் தெருவில் பழம்பொருள் கடை வைத்திருக்கும் கதிரேசன் வருகிறான். "வாங்க தம்பி, உக்காருங்க, தூணெல்லாம் அப்புறம் பார்க்கலாம், எந்த ஊரு, எந்தக் கோவில்?" என்கிறார் அப்பத்தா.

இந்தக் கேள்வியை லேசாக எடுத்துக்கொள்ளாதீர்கள். நகரத்தாருக்கு, அதாவது செட்டிநாட்டு வணிகச் சமூகத்தாருக்கு, குலக்கோவில்கள் ஒன்பது. ஒரே கோவில், ஒரே பிரிவு என்றால் பங்காளி, அதாவது அண்ணன் தங்கை முறை. "அந்த வீட்டில் பங்குள்ள பையன் கையெழுத்து வாங்க வருகிறான், அவளைக் காதலிக்கிறான்" என்று ஒரு கதையை யாரோ எழுதியிருந்ததைப் பார்த்தேன். கடைசி எபியில் பெரியவர்கள் மனம் மாறிச் சம்மதிக்கிறார்கள். இந்த ஊர் வாசகர் மூன்றாம் எபியிலேயே கதையை மூடிவிடுவார். தடை என்பது உடையக்கூடியதாக இருக்க வேண்டும், உடையும்போது வாசகர் சந்தோஷப்பட வேண்டும். அதனால் நம் கதிரேசனுக்கு வேறு கோவில் என்று வைத்துக்கொள்வோம். முறை சரி, வயது சரி, அப்பத்தாவுக்கும் பிடித்துவிட்டது. இப்போது சொல்லுங்கள், இவ்வளவு பொருந்தியும் எது தடுக்கிறது? இதற்கு நீங்கள் சொல்லும் பதிலைப் பொறுத்துத்தான் வகை மாறும்.

மூன்றாம் படி: தடையை மாற்றி மாற்றிப் பாருங்கள்

கல்யாணத்துக்குப் பிறகு வரும் காதல். இப்போது தமிழில் இணையத்தில் எழுதுகிறவர்களில் நிறையப் பேர் இங்கேதான் இருக்கிறார்கள், ஒப்பந்தக் கல்யாணம், கட்டாயக் கல்யாணம் எல்லாம் இதற்குள் அடங்கும். இதில் தடை வெளியே இல்லை, ஒரே அறைக்குள் இருக்கிறது. உமையாள் வீட்டைக் காப்பாற்ற அவனைக் கட்டிக்கொள்கிறாள், அவன் தூணுக்காகத்தான் தன்னைக் கட்டினான் என்று நம்புகிறாள். இந்த வகைக்குச் செட்டிநாட்டில் ஓர் அருமையான ஏற்பாடு இருக்கிறது, 'வேறு வைத்தல்'. கல்யாணமான மகனுக்கு அதே வீட்டுக்குள்ளேயே தனி அடுப்பு, தனிக் கணக்கு என்று பிரித்து வைப்பது. பேசிக்கொள்ளாத இரண்டு பேர் ஒரே அடுப்பில் சமைத்து எதிரெதிரே உட்கார்ந்து சாப்பிட்டாக வேண்டும், வளவு என்கிற நடு முற்றத்தைச் சுற்றி இருக்கும் மற்ற அறைகளிலிருந்து எல்லாரும் பார்த்துக்கொண்டும் இருப்பார்கள். ஊடலுக்கு இதைவிட என்ன வேண்டும்? உப்பு குறைந்ததைச் சொல்லாமல் அவன் சாப்பிட்டுவிட்டு எழுந்து போவதை வைத்தே ஒரு எபி எழுதலாம்.

இங்கே ஒன்றை அழுத்தமாகச் சொல்லிவிடுகிறேன். ஆன்டி ஹீரோ என்ற பெயரில் மனைவியை அறைகிறவனை, அறையைப் பூட்டுகிறவனை எழுதி, இருபதாம் எபியில் அவனுக்கு ஒரு சோகமான சின்ன வயசுக் கதை வைத்து மன்னிக்கவைக்கிறார்கள். நான் அதை எழுத மாட்டேன், எழுதச் சொல்லித் தரவும் மாட்டேன். ஊடல் என்பது இருவருக்கும் விலக உரிமை இருக்கும்போது வருவது. பயந்துபோய்ப் பேசாமல் இருப்பது ஊடல் ஆகாது.

பழைய காலம். எனக்கு மிகவும் பிடித்தது இதுதான், அதனால் கொஞ்சம் நிறையவே பேசப்போகிறேன். சங்கப் பாடலில் பொருள்வயிற் பிரிவு என்று படித்திருப்பீர்கள், தலைவன் பொருள் தேடிப் பாலை நிலம் கடந்து போவான். செட்டிநாட்டின் நூறு வருஷக் கதையே அதுதான், பாலைக்குப் பதில் கடல். பர்மாவுக்கும் மலேயாவுக்கும் 'கொண்டுவிக்க'ப் போனவர்கள், அதாவது கடல் கடந்து தொழில் செய்யப் போனவர்கள், மூன்று வருஷக் கணக்கில் போனார்கள், பெண்கள் இங்கே இந்தப் பெரிய வீடுகளில் இருந்தார்கள். இப்போது நம் ஜோடியை அங்கே வையுங்கள். 1939-ல் கல்யாணம், 1940-ல் கதிரேசன் ரங்கூனுக்குக் கப்பல் ஏறுகிறான், 1943-ல் திரும்ப வேண்டும். வீடு இங்கே எழும்பிக்கொண்டிருக்கிறது, அவன் அங்கிருந்து தேக்கு அனுப்புகிறான். 1941 டிசம்பர் 23-ல் ஜப்பான் விமானங்கள் ரங்கூனில் குண்டு போடுகின்றன, அடுத்த மார்ச்சில் நகரமே விழுகிறது, ஆயிரக்கணக்கானவர்கள் காட்டு வழியாக இந்தியாவுக்கு நடக்கிறார்கள். கானாடுகாத்தானில் தூண் வந்து இறங்கிவிட்டது, ஆள் வரவில்லை. பார்த்தீர்களா, அதே தூண்தான். முந்தைய கதையில் அது சந்தேகத்தின் காரணம், இங்கே அவள் தினமும் சாய்ந்து நிற்கும் இடம்.

பழைய காலம் எழுதத் தனி நோட்டு போடுங்கள். ஆங்கிலத்தில் ரீஜன்சி காதல் கதைகள் என்று ஒரு பெரிய வகை இருக்கிறது, அதன் காலம் 1811 முதல் 1820 வரை, ஒன்பதே வருஷம். அந்த வகைக்கு வழி போட்ட ஜார்ஜெட் ஹேயர் உடை, வண்டி, அன்றைய பேச்சுச் சொல் என்று நோட்டு நோட்டாகக் குறித்து வைத்திருந்தார். நம் நோட்டில் என்ன இருக்க வேண்டும்? 1957 ஏப்ரல் வரை ரூபாய்க்குப் பதினாறு அணா. சிவகங்கை மாவட்டம் அப்போது கிடையாது, இது இராமநாதபுரம் மாவட்டம். 1937-ல் பர்மா இந்தியாவிலிருந்து தனியாகப் பிரிந்தது. வீட்டில் அப்பாவை அப்பச்சி என்பார்கள், அம்மாவை ஆத்தா என்பார்கள், கடையில் சின்னப் பையன் பெட்டியடிப் பையன். குறித்ததில் பத்தில் ஒன்றுதான் கதைக்குள் வரும், மீதி ஒன்பது உங்களைத் தப்பு செய்யவிடாமல் காப்பாற்றும். வீட்டில் வயதானவர்கள் இருந்தால் இன்றைக்கே போய் உட்கார்ந்து கேளுங்கள். என் ஆயா சொன்ன ஒரு விஷயத்தை, கடிதம் வராத மாதங்களிலும் தபால்காரருக்கு மோர் கொடுத்து அனுப்புவார்களாம், எந்தப் புத்தகத்திலும் நான் பார்த்ததில்லை.

சஸ்பென்ஸ் கலந்த காதல். இங்கே தடை சந்தேகம். பூட்டிய அறையின் சாவி காணோம், கதிரேசன் வந்த நாளிலிருந்துதான் காணோம். புதியவர்கள் செய்யும் தப்பு, நான்கு எபி காதல், நான்கு எபி துப்பு என்று பிரித்து எழுதுவது. ஒவ்வொரு துப்பும் அந்த இருவரின் நம்பிக்கையை ஏற்றவோ இறக்கவோ வேண்டும். கடைசித் துப்பு, அவள் அவனை நம்பி ஒரு காரியம் செய்தால் மட்டுமே கிடைப்பதாக வையுங்கள். இந்த வகை வாசகரின் எதிர்பார்ப்பே வேறு. அமெரிக்க எழுத்தாளர் நோரா ராபர்ட்ஸ் 1995-லிருந்து தன் போலீஸ் வரிசைக்கு ஜே.டி. ராப் என்று தனிப் பெயரே வைத்துக்கொண்டார்.

நகைச்சுவைக்கு ஒன்றே ஒன்று: தடை சின்னதாக இருக்கட்டும், அதை இருவரும் பெரிதாக நினைக்கட்டும். பேய்க்கதை கலந்து எழுதுகிறவர்களுக்கு, பேய்க்கும் ஒரு நிறைவேறாத ஆசை வேண்டும், அது இந்த ஜோடியின் கதையைத் தொட வேண்டும். அவ்வளவுதான்.

நான்காம் படி: கலக்கலாம், ஆனால் எதை?

எல்லாவற்றையும் சேர்த்து எழுதலாமா என்று கேட்பீர்கள். இதற்கும் தொல்காப்பியம் வழி சொல்கிறது: உரிப்பொருள் அல்லாதவை மயங்கலாம். பேய் வீட்டில் நகைச்சுவை வைக்கலாம், பழைய காலத்தில் சாவி தொலையலாம், நடுவில் இருக்கும் அந்த மன நிலை மட்டும் மாறக் கூடாது. நான் இதை அடிபட்டுக் கற்றேன். என் இரண்டாவது தொடரைக் கலகலப்பான கதையாகத் தொடங்கி, யூடி (அப்டேட்) போட்டுக்கொண்டே வரும்போது பதினெட்டாம் எபியில் ஒரு கொலை வைத்துவிட்டேன். தினமும் கருத்து எழுதிய வாசகர்கள் ஒவ்வொருவராக நின்றுபோனார்கள். ஓர் அம்மா மட்டும் எழுதினார், "ராத்திரி வேலை முடிஞ்சு சிரிக்கத்தாம்மா இதைப் படிச்சேன்." அந்த ஒரு வரியை எழுதி மேஜையில் ஒட்டியிருக்கிறேன்.

ஐந்தாம் படி: இப்போது எழுதுங்கள்

ஒரே காட்சி, 300 வார்த்தை. கதிரேசன் முகப்பில் நின்று தூணை விரல் முட்டியால் தட்டிப் பார்க்கிறான். வளவிலிருந்து உமையாள் ஒரு செம்புத் தண்ணீரோடு வருகிறாள். இதை மூன்று வகையில் எழுதுங்கள், சாமான் எதையும் மாற்றாதீர்கள், மன நிலையை மட்டும் மாற்றுங்கள். பிறகு வகைப் பெயரை மறைத்துவிட்டு ஒரு தோழியிடம் படிக்கக் கொடுங்கள், எது எந்த வகை என்று அவள் கண்டுபிடிக்கிறாளா என்று பாருங்கள். கண்டுபிடிக்க முடியவில்லை என்றால் டைல்ஸைச் சேர்க்க வேண்டாம், முதல் படிக்குத் திரும்பிப் போய் அந்த ஒரு வரியை மறுபடி எழுதுங்கள்.

அந்தக் கல்லூரிப் பெண் எழுதி அனுப்பினாள். முதலாவதில் உமையாள் செம்பைக் கையில் கொடுக்கிறாள். இரண்டாவதில் கொடுப்பதற்கு முன் அவன் சட்டைப் பையைப் பார்க்கிறாள். மூன்றாவதில் செம்பைத் திண்ணையில் வைத்துவிட்டு ஒன்றும் பேசாமல் உள்ளே போகிறாள், இரவு சாப்பாட்டுக்கு மணி ஆனபின்பும் அது அப்படியே இருக்கிறது, வந்து பார்த்தவள் அதை எடுத்துத் தானே குடிக்கிறாள். தன் கதை அந்த மூன்றாவதுதான் என்று அவளே சொன்னாள். ஐந்து எபியையும் எடுத்துவிட்டு, அந்தச் செம்பிலிருந்து தொடங்கப் போகிறாளாம்.