பவளம் வாடினால் உடனே பாட்டிலைத் திறக்காதீர்கள்

"டேங்கில் பவளம் சுருங்கிப் போச்சு, என்ன ஊத்தலாம்?" கடல்நீர்த் தொட்டி வைத்திருப்பவர்கள் ஒருவரையொருவர் அதிகம் கேட்டுக்கொள்ளும் கேள்வி இதுவாகத்தான் இருக்கும். கூடவே ஒரு போட்டோவும் வரும். முழு நீல வெளிச்சத்தில் எடுத்திருப்பார்கள். அதில் வெளுத்ததும் செழித்ததும் ஒரே மாதிரி தெரியும். பதில் வருவதற்குள் அயோடின் கொஞ்சம், பி.எச். ஏற்றும் பொடி கொஞ்சம் என்று தொட்டிக்குள் போயிருக்கும். பவளம் செத்த பிறகு கணக்குப் பார்த்தால், வந்த கோளாறு சின்னது, செய்த வைத்தியம்தான் பெரிது என்று தெரியவரும்.

கடந்த இரண்டு வாரத்தில் தொட்டியில் என்ன மாறியது என்று முதலில் யோசியுங்கள். புது விளக்கா? உப்பு பிராண்டை மாற்றினீர்களா? ஊருக்குப் போயிருந்தபோது தண்ணீர் மட்டம் இறங்கியதா? பவளம் மெதுவாகத்தான் காட்டிக்கொடுக்கும். இன்று கண்ணில் படும் வாட்டத்துக்குக் காரணம் போன வாரமே நடந்து முடிந்திருக்கலாம்.

நோயே இல்லாத நோய்

டோட்ஸ்டூல் லெதர் என்று விற்கப்படும் மென்பவளம் திடீரென்று ஒரு நாள் பூப்போல் விரியும் சின்னச் சின்ன பாலிப்புகளை எல்லாம் உள்ளே இழுத்துக்கொள்ளும். தோலின் மேல் மெழுகுப் படலம் ஒன்று மினுமினுக்கும். நாலைந்து நாளில் அதில் பாசியும் தூசியும் ஒட்டி, பார்க்கவே பரிதாபமாக இருக்கும். புதிதாக வளர்ப்பவர்கள் இந்தக் கட்டத்தில்தான் அதை வெளியே எடுத்து, பிரஷ்ஷால் தேய்த்து, மருந்தில் முக்கிவிடுகிறார்கள். அது தோலுரித்துக்கொண்டிருக்கிறது, அவ்வளவுதான். நீரோட்டத்தைக் கொஞ்சம் அந்தப் பக்கம் திருப்பிவிட்டால் போதும். படலம் கிழிந்து மிதந்து போய், பாலிப்புகள் தானாக வெளியே வரும். சில நேரம் இதற்கு ஒரு வாரத்துக்கு மேலும் ஆகும்.

இன்னொரு பழக்கம், ஒரு பவளம் மூடியிருந்தாலே மொத்தத் தண்ணீரையும் சந்தேகிப்பது. மற்றவை எல்லாம் விரிந்திருக்க ஒன்று மட்டும் வாடினால் அதன் அக்கம்பக்கத்தைப் பாருங்கள். காலக்ஸியா, யூஃபிலியா போன்ற பவளங்கள் விளக்கு அணைந்த பிறகு நீளமான கொட்டும் இழைகளை நீட்டிப் பக்கத்துவீட்டுக்காரரைச் சுடும். பகலில் இந்தச் சண்டை தெரியாது. இரவில் டார்ச் அடித்துத்தான் பார்க்க வேண்டும். எல்லாப் பவளமும் ஒரே நேரத்தில் சுருங்கியிருந்தால் தண்ணீரையும் வெப்பத்தையும் பாருங்கள்.

வெளுத்ததும் உரிந்ததும் வேறு வேறு

வெள்ளையாகத் தெரிவதை எல்லாம் செத்ததாக நினைத்துத் தூக்கி எறிந்துவிடுகிறார்கள். பவளத்தின் சதைக்குள் குடியிருக்கும் நுண்பாசிதான் அதற்கு நிறத்தையும் பெரும்பகுதி உணவையும் தருகிறது. சூடு கூடினாலோ விளக்கு திடீரென்று கடுமையானாலோ அந்தப் பாசி வெளியேறிவிடும். சதை அப்படியே இருக்கும். ஆனால் கண்ணாடியாகி, உள்ளே இருக்கும் சுண்ணாம்புக் கூடு வெள்ளையாகத் தெரியும். இது வெளுப்பு. வெளிச்சத்தைக் குறைத்து, வெப்பத்தைச் சீராக்கி, சிறு தீனி கொடுத்தால் பிழைக்க வாய்ப்பு உண்டு.

சதையே உரிந்து கூடு மொட்டையாக நிற்பது வேறு. கிளைவிட்டு வளரும் கடினப் பவளமான அக்ரோபோராவில் இது சில மணி நேரத்திலேயே கிளை கிளையாகப் பரவிவிடும். அப்போது நன்றாக இருக்கும் நுனிகளை வெட்டித் தனியே நட்டுவைப்பதே வழி. யூஃபிலியாவின் ஒரு தலையில் பழுப்பு நிறக் கொழகொழப்பு கண்டால், பம்பை நிறுத்திவிட்டு அதைக் குழாயால் உறிஞ்சி எடுங்கள். பிறகு அந்தத் தலையைத் தொட்டியிலிருந்து பிரித்துவிடுங்கள். ஓட்டத்தில் கலந்தால் அடுத்த தலைக்கும் போய்விடும்.

எண்ணைத் துரத்துவது

கடல்நீரின் ஆல்கலினிட்டி, அதாவது பவளம் கூடு கட்ட எடுத்துக்கொள்ளும் கார்பனேட்டின் அளவு, ஏறக்குறைய 7 டி.கே.எச். (அதை அளக்கும் அலகு). வீட்டுத் தொட்டியில் 7 முதல் 10 வரை எங்கே வைத்தாலும் பவளம் வளரும். ஆனால் அது ஒரே இடத்தில் நிற்க வேண்டும். எங்கோ 9 நல்லது என்று படித்துவிட்டு, 7.2 இருக்கும் தொட்டியில் ஒரே மாலையில் பொடியைக் கரைத்து ஊற்றுவதுதான் கடினப் பவளங்களுக்கு நான் பார்த்தவரை பெரிய ஆபத்து. ஏற்றியே ஆக வேண்டும் என்றால் நாளுக்கு 1 டி.கே.எச்.சுக்கு மேல் வேண்டாம். ஏற்றும் முன் வேறொரு டெஸ்ட் கிட்டில் இன்னொரு முறை பாருங்கள். காலாவதியான கிட் காட்டும் எண்ணுக்காகத் தொட்டியைக் கலக்கியவர்கள் நிறைய. கால்சியம் 400 முதல் 450 பி.பி.எம். (பத்து லட்சத்தில் இத்தனை பங்கு), மெக்னீசியம் 1300 பக்கம் இருந்தால் போதும். மெக்னீசியம் குறைந்துவிட்டால் மற்ற இரண்டையும் எவ்வளவு ஊற்றினாலும் ஒரே அளவில் நிறுத்திவைக்க முடியாது.

பி.எச். விஷயத்தில் இன்னும் மோசம். ஏசி போட்டு மூடிய அறையில் நாலு பேர் இருந்தால் காற்றில் கரியமில வாயு கூடும். அது தண்ணீரில் கரைந்து பி.எச். 7.8க்கு இறங்கும். பொடி போட்டால் அன்றைக்கு ஏறும், மறுநாள் பழையபடி. அதற்குள் ஆல்கலினிட்டி எகிறியிருக்கும். ஒரு கோப்பைத் தொட்டி நீரை மொட்டை மாடிக்கு எடுத்துப்போய், சின்ன ஏர் பம்பால் ஒரு மணி நேரம் குமிழ விட்டு பி.எச். பாருங்கள். ஏறியிருந்தால் குறை வீட்டுக் காற்றில்தான். ஜன்னலைத் திறந்துவையுங்கள், அல்லது நீரின் அழுக்கை நுரையாக்கி எடுக்கும் ஸ்கிம்மரின் காற்றுக் குழாயை வெளியே நீட்டுங்கள். சுண்ணாம்புத் தெளிநீர் விடுவதும் உண்டு, ஆனால் சொட்டுச் சொட்டாக. வெற்றிலைச் சுண்ணாம்பில் என்னென்ன கலந்திருக்கும் என்று சொல்ல முடியாது. அது தட்டிலேயே இருக்கட்டும்.

தண்ணீர் எங்கிருந்து வருகிறது

"ஆர்.ஓ. தண்ணிதான் ஊத்துறேன்" என்பார்கள். நம் வீடுகளில் குடிக்க வைத்திருக்கும் ஆர்.ஓ. கருவியில், ருசிக்காகக் கொஞ்சம் வடிகட்டாத தண்ணீரைக் கலக்கும் டி.டி.எஸ். (நீரில் கரைந்துள்ள உப்புகளின் அளவு) திருகு பெரும்பாலும் இருக்கும். சிலவற்றில் உடம்புக்கு நல்லது என்று செம்பு சேர்க்கும் குப்பியும் உண்டு. மனிதருக்கு நல்லதோ என்னவோ, பவளத்துக்கும் இறாலுக்கும் நத்தைக்கும் செம்பு நஞ்சு. தொட்டிக்கு ஆர்.ஓ.வுக்குப் பின் மிச்சமிருக்கும் உப்பையும் இழுத்துக்கொள்ளும் டி.ஐ. பிசின் குழாயும் வேண்டும். மீட்டரில் 0 காட்ட வேண்டும்.

ஆவியாகிப் போவது நன்னீர் மட்டும், உப்பு தொட்டியிலேயே தங்கிவிடும். ஆகவே குறைந்த மட்டத்துக்கு நன்னீர்தான் ஊற்ற வேண்டும். உப்புநீர் ஊற்றி ஊற்றியே உப்பின் அளவை 40க்குக் கொண்டுபோனவர்கள் உண்டு. 35 பி.பி.டி. (ஆயிரத்தில் 35 பங்கு) போதும். உப்பின் அளவைக் காட்டும் ரிஃப்ராக்டோமீட்டரை 35க்கான திரவத்தில் சரிபாருங்கள். வெறும் தண்ணீரில் 0 காட்டினால் 35லும் சரியாகக் காட்டும் என்று நினைக்க வேண்டாம்.

சென்னை மே மாத வெயிலில் நீரைக் குளிர்விக்கும் சில்லர் இல்லாதவர்கள் மின்விசிறியை நீர்ப்பரப்பின் மேல் திருப்பிவிட்டால் இரண்டு மூன்று டிகிரி குறையும். ஆனால் நீர் வேகமாக வற்றும், மேலே சொன்ன சிக்கல் இரட்டிப்பாகும். 24 முதல் 27 டிகிரி நல்லது. கரண்ட் போனால் முதலில் ஓட வேண்டியது நீரோட்டப் பம்பு. அதை மட்டுமாவது இன்வெர்ட்டரில் போட்டுவையுங்கள். விளக்கு ஒரு நாள் இல்லாவிட்டால் ஒன்றும் ஆகாது.

அளவுக்கு மீறிய சுத்தம்

நைட்ரேட்டும் பாஸ்பேட்டும் 0 என்று பெருமையாகச் சொல்பவரின் பவளம் பெரும்பாலும் வெளிறித்தான் இருக்கும். உள்ளே இருக்கும் நுண்பாசிக்கும் சோறு வேண்டுமே. நைட்ரேட் 2 முதல் 10, பாஸ்பேட் 0.03 முதல் 0.1 பி.பி.எம். இருக்கட்டும். இரண்டும் 0 ஆன தொட்டியில் டைனோ என்ற பழுப்புச் சளி, நுனியில் காற்றுக் குமிழோடு படர ஆரம்பிக்கும். அதைப் பார்த்துத் தீனியைக் குறைத்து, பாஸ்பேட் உறிஞ்சியை இன்னும் ஒரு பிடி போட்டால் அது மேலும் செழிக்கும். பவளம் பழுப்பேறி மங்கினால் கதை தலைகீழ்: சத்து கூடியிருக்கலாம், அல்லது வெளிச்சம் போதவில்லை.

கொசு மருந்தும் பெயின்ட்டும்

எல்லா அளவும் சரி, ஆனால் எதுவும் விரியவில்லை என்றால் அறையைச் சுற்றிப் பாருங்கள். கொசு விரட்டி திரவத்திலும் கொசுவர்த்தியிலும் இருக்கும் பைரித்ராய்டு வகை மருந்துகள் மீனுக்கும் இறாலுக்கும் கடும் நஞ்சு. ஏர் பம்பும் ஸ்கிம்மரும் அறைக் காற்றை நேராகத் தண்ணீருக்குள் செலுத்துகின்றன. பொங்கலுக்கு வெள்ளையடிப்பது, பூச்சி ஸ்பிரே, கையில் ஒட்டிய சானிடைசர் எல்லாம் இதே கணக்குதான். பம்பின் காந்த உறை விரிசல் விட்டு உள்ளே துருப்பிடித்திருக்கிறதா என்றும் பாருங்கள். சந்தேகம் வந்தால் புது ஆக்டிவேட்டட் கார்பன் போட்டு நீரில் ஒரு பகுதியை மாற்றுங்கள். கார்பன் போடுவதாலும் நீர் மாற்றுவதாலும் கெடுதல் அனேகமாக இல்லை.

செத்ததை ஈடுகட்ட மண்டபம், தூத்துக்குடிப் பக்கம் கடலில் இருந்து எடுத்துவரும் யோசனை வேண்டவே வேண்டாம். இந்தியாவில் 1972ஆம் ஆண்டு வன உயிரினப் பாதுகாப்புச் சட்டத்தின் முதல் அட்டவணையில் கல் பவளங்கள் எல்லாமே இருக்கின்றன. கடையில் வாங்கினாலும் எங்கிருந்து வந்தது என்று கேளுங்கள்.

புதிதாக வந்த எதையும் மருந்து நீரில் முக்கித்தான் உள்ளே விட வேண்டும். ஆனால் அது புழுக்களை உதிர்க்குமே தவிர முட்டைகளை அழிக்காது. ஒட்டியிருக்கும் அடித்தட்டைக் கழற்றி எறிந்துவிட்டு, ஒரு வாரம் கழித்து மறுபடி முக்குங்கள். பொத்தான் பாலிப் என்று விற்கப்படும் ஜோவாந்திட், பேலிதோவா வகைகளைக் கையாளும்போது மட்டும் கையுறையும் கண்ணாடியும் கட்டாயம். சிலவற்றில் பேலிடாக்ஸின் என்ற கொடிய நஞ்சு உண்டு. பாறையில் படர்ந்துவிட்டது என்று வெந்நீரில் கொதிக்கவைத்து, அந்த ஆவியை மூச்சிழுத்துக் குடும்பத்தோடு ஆஸ்பத்திரிக்குப் போன சம்பவங்கள் வெளிநாடுகளில் பதிவாகியிருக்கின்றன. வெட்டும்போது கண்ணில் தெறித்தால் உடனே நிறையத் தண்ணீரில் கழுவிவிட்டு மருத்துவரிடம் போங்கள். நஞ்சின் பெயரையும் ஒரு தாளில் எழுதி எடுத்துக்கொள்ளுங்கள். எல்லா மருத்துவருக்கும் பழக்கமான விஷயம் இல்லை அது.