ஜி.ஆர்.இ. ஒப்பீட்டுக் கணக்கு: விடை கண்டுபிடிக்காமலே விடை சொல்வது

வெளிநாட்டில் மேற்படிப்புக்கு எழுதும் ஜி.ஆர்.இ. தேர்வின் கணக்குப் பகுதியில் நம் இன்ஜினியரிங் பசங்க மார்க்கை விடுகிற இடம் பெரும்பாலும் கஷ்டமான கணக்கு இல்லை, பார்த்தால் எட்டாம் வகுப்புக் கணக்கு மாதிரி தெரியும் 'குவாண்டிடேட்டிவ் கம்பாரிசன்' தான். ஏ என்று ஒரு அளவு, பி என்று ஒரு அளவு. ஏ பெரிதா, பி பெரிதா, இரண்டும் சமமா, இல்லை கொடுத்த தகவலை வைத்துச் சொல்லவே முடியாதா? இந்த நாலும், இவற்றின் வரிசையும் எந்தக் கேள்விக்கும் மாறாது. அதை இப்போதே மனப்பாடம் பண்ணிவிடுங்கள், பரீட்சையில் உட்கார்ந்து படித்துக்கொண்டிருக்க வேண்டாம்.

ஸ்டெப் மார்க்குக்காகவே பன்னிரண்டு வருஷம் பழகிய கை, கணக்கைப் பார்த்ததும் தானாகப் போட ஆரம்பித்துவிடும். அதைத்தான் முதலில் அடக்க வேண்டும். ஒரு பக்கம் 37 × 43, இன்னொரு பக்கம் 40 × 40 என்று வந்தால் திரையில் இருக்கும் கால்குலேட்டரைத் தேடாதீர்கள். 40-இல் 3 குறைத்ததையும் 3 கூட்டியதையும் பெருக்கினால் 1600-இல் 9 குறையும், ஆக பி பெரிது, அவ்வளவுதான். 1591 என்ற விடையை அங்கே யாரும் கேட்கவில்லை.

இன்னொன்று, இரண்டு பக்கமும் வெறும் எண்கள்தான் என்றால் 'சொல்ல முடியாது' என்பது விடையாக இருக்கவே முடியாது. எவ்வளவு பயங்கரமான எண்ணாக இருந்தாலும் அதற்கு ஒரே மதிப்புதானே.

எக்ஸ், ஒய் வந்தால்தான் ஆட்டம் சூடு பிடிக்கும். இரண்டு பக்கமும் பொதுவாக இருப்பதை முதலில் அடித்துவிடுங்கள். ஏ-யில் எக்ஸ் ஸ்கொயர் + 6 எக்ஸ் + 10, பி-யில் 6 எக்ஸ் + 9 என்று வைத்துக்கொள்வோம். 6 எக்ஸையும் 9-ஐயும் இரு பக்கமும் கழித்தால் ஏ-யில் எக்ஸ் ஸ்கொயர் + 1, பி-யில் பூஜ்யம். எக்ஸ் என்னவாக இருந்தாலும் ஸ்கொயர் மைனஸுக்குப் போகாது (இந்தத் தேர்வில் எல்லாமே மெய்யெண்கள்தான்), அதனால் ஏ. கூட்டலும் கழித்தலும் எப்போதும் பத்திரம். வகுத்தல் அப்படி இல்லை: 5 எக்ஸ், 3 எக்ஸ் இரண்டையும் எக்ஸால் வகுத்து, 5 பெரிது, அதனால் ஏ என்று டிக் அடித்துவிட்டு நிம்மதியாக அடுத்த கேள்விக்குப் போனவர்களில் நானும் ஒருவன். எக்ஸ் மைனஸ் என்றால் தலைகீழாகும், பூஜ்யம் என்றால் சமமாகிவிடும். குறி தெரியாத எதையும் வைத்துப் பெருக்காதீர்கள், வகுக்காதீர்கள்.

சுருக்கியும் பிடிபடவில்லையா, எண்ணைப் போட்டுப் பாருங்கள். ஆனால் 2, 3 என்று நல்ல பிள்ளை எண்களாகப் போட்டால் அது சோதனையே இல்லை. எக்ஸ் ஸ்கொயரையும் எக்ஸையும் ஒப்பிடும்போது 2 போட்டால் ஸ்கொயர் பெரிது, 3 போட்டாலும் அதேதான். அரை போட்டதும் கால் ஆகிக் கீழே விழும், ஒன்று போட்டால் சமம். முதல் எண்ணில் ஒரு விடை வந்துவிட்டால், அடுத்த எண் அந்த விடையை உடைப்பதற்காகவே போடும் எண்ணாக இருக்க வேண்டும்: பூஜ்யம், ஒன்று, பின்னம், மைனஸ், மைனஸ் பின்னம். இரண்டு வெவ்வேறு விடை வந்த நொடியே நாலாவது விடைதான், மேலே யோசிக்க ஒன்றுமில்லை. உடையவே இல்லை என்றால் ஏன் உடையவில்லை என்று ஒரு வரிக் காரணமாவது மனதில் வர வேண்டும், நாலு எண் போட்டுப் பார்த்தது நிரூபணம் ஆகாது.

வடிவியல் படங்களைக் கண்ணால் அளக்காதீர்கள். கோடு நேராகத் தெரிந்தால் நேர்கோடுதான், ஆனால் செங்கோணம் மாதிரி தெரிவது, அது குறிக்கப்பட்டிருந்தாலோ கொடுத்த தகவலிலிருந்து வந்தாலோ தவிர, செங்கோணம் என்று எடுத்துக்கொள்ளக் கூடாது. ரஃப் தாளில் அதே படத்தை இழுத்தும் நசுக்கியும் வரைந்து பாருங்கள். சுற்றளவு 20 உள்ள செவ்வகத்தின் பரப்பளவு 24-ஐ விடப் பெரிதா என்றால் உடனே 6, 4 என்று போட்டுச் 'சமம்' என்கிறோம். 9-ம் 1-ம் போட்டால் 9 தான், 5-ம் 5-ம் போட்டால் 25. சதுரமும் செவ்வகம்தான் என்பது அந்த நேரத்தில் மறந்துபோகும்! எக்ஸ்-ஒய் அச்சுத் தளப் படங்களும் தகவல் வரைபடங்களும் மட்டும் அளவுப்படி வரைந்தவை, அவற்றைக் கண்ணால் நம்பலாம்.

நேரம்: 2023 செப்டம்பரில் தேர்வைச் சுருக்கிய பிறகு கணக்கின் முதல் பிரிவில் 12 கேள்விக்கு 21 நிமிடம், அடுத்த பிரிவில் 15 கேள்விக்கு 26 நிமிடம். இந்த வகைக் கேள்வியை ஒரு நிமிடம், ஒன்றேகால் நிமிடத்தில் முடித்தால்தான் மற்றவற்றுக்கு நேரம் மிஞ்சும். இழுத்தால் ஏதாவது ஒன்றைத் தேர்ந்தெடுத்து திரையில் இருக்கும் 'மார்க்' பட்டனை அழுத்திக் குறித்துவிட்டு நகருங்கள், அந்தப் பிரிவு முடிவதற்குள் திரும்பி வரலாம், தப்புக்கு மார்க் குறைப்பதும் கிடையாது.