நடை வேகத்துக்கு ஒரு ஆர்எக்ஸ் 100

"வண்டி இன்னும் மெதுவாகப் போகணும் தம்பி" என்றேன். மெக்கானிக் பிளக் ஸ்பானரைக் கீழே வைத்துவிட்டு என் முகத்தைப் பார்த்தார். மதுரையில் யமஹா ஆர்எக்ஸ் 100 வைத்திருப்பவன் வேகம் கூட்ட போர்ட்டைச் சீவச் சொல்வான், சைலன்சரை மாற்றச் சொல்வான். "அதுக்கு டிவிஎஸ் 50 போதுமேண்ணே" என்றார்.

நான் ஓட்டும் ட்ரையல்ஸ் அப்படிப்பட்ட பைக் விளையாட்டு. பாறையும் பள்ளமுமாகக் குறித்து வைத்த பாதையைக் கால் ஊன்றாமல் கடக்க வேண்டும். ஒருமுறை ஊன்றினால் 1 தண்டப் புள்ளி, இரண்டு முறைக்கு 2, அதற்கு மேல் எத்தனை முறை ஊன்றினாலும் 3, விழுந்தால் 5. குறைவாக வாங்கியவர் ஜெயித்தார். 1965இல் ட்ரையல்ஸ் வீரர் சாமி மில்லர் ஸ்காட்லாந்தின் ஆறு நாள் போட்டியை ஜெயித்தது புல்டாகோ என்ற ஸ்பெயின் கம்பெனியின் டூ ஸ்ட்ரோக் வண்டியில். கனத்த ஃபோர் ஸ்ட்ரோக்குகளை ஓரங்கட்டியது அதன் எடைக் குறைவுதான். இன்றைய அசல் ட்ரையல்ஸ் வண்டி 70 கிலோ பக்கம்தான் இருக்கும், சீட்டே கிடையாது. நமக்கு அது எட்டாது. 98 சிசி ஆர்எக்ஸ் எட்டும்.

ஓட்டுவது மேலூர்ப் பக்கம், பெரியப்பாவின் பட்டா நிலத்தில் இருக்கும் பாறைத் திட்டில். புதூரில் என் லேத் பட்டறையிலிருந்து குட்டியானையில் ஏற்றிப் போய்விடுவோம். யானைமலை, சமணர் மலை, அரிட்டாபட்டி என்று யாராவது ஆசை காட்டினால் போகாதீர்கள். கல்வெட்டும் கற்படுக்கையும் இருக்கிற பாறையில் டயர் வைக்கிற வேலை நமக்கு வேண்டாம்.

சரி, பெட்ரோலையும் காற்றையும் கலந்து இன்ஜினுக்கு அனுப்பும் கார்ப்பரேட்டர். இந்த விளையாட்டில் ஆக்சிலேட்டரைக் கால்வாசிக்கு மேல் முறுக்குவது அபூர்வம். அந்தக் கால்வாசி வரை பெட்ரோல் கொடுப்பது பெரும்பாலும் ஸ்லோ ஜெட் என்ற சின்னத் துளைதான். ஊசியும் மெயின் ஜெட்டும் அதற்கு மேல்தான் வேலைக்கு வரும். அதனால் ஊரே மெயின் ஜெட்டைப் பற்றிப் பேசினாலும் நீங்கள் ஸ்லோ ஜெட்டையும், அதற்குக் காற்றைக் கூட்டிக் குறைக்கும் ஏர் ஸ்க்ரூவையும் பாருங்கள்.

இன்ஜினைப் பத்து நிமிடம் ஓட்டிச் சூடாக்குங்கள். ஏர் ஸ்க்ரூவை மெல்ல உள்ளே திருகுங்கள், தட்டியதும் நிறுத்திவிடுங்கள். நான் முதல் தடவை போல்ட்டை இறுக்குவது போல இறுக்கி, நுனியைக் கெடுத்து, வேறு வாங்கினேன். அங்கிருந்து ஒன்றரைச் சுற்று வெளியே எடுங்கள். அப்புறம் கால் சுற்று கால் சுற்றாக இரண்டு பக்கமும் திருப்பிக் காது கொடுத்துக் கேளுங்கள். இன்ஜின் எந்த இடத்தில் தானாக வேகம் கூடி நிற்கிறதோ அதுதான் சரியான இடம். அதிலிருந்து ஒரு நூல் உள்ளே வைப்பது என் பழக்கம். கலவையில் பெட்ரோல் கூடிக் கொஞ்சம் கெட்டியானால் வண்டி வெடுக்கென்று பாயாது. ஒரு சுற்றுக்குள்ளேயே அந்த இடம் வந்துவிட்டால் ஸ்லோ ஜெட் சிறிசு, பெரிசு போடணும். இரண்டரைச் சுற்றைத் தாண்டியும் வரவில்லை என்றால் ஜெட் பெரிசு.

ஆக்சிலேட்டரை விட்ட பிறகும் இன்ஜின் வேகம் இறங்காமல் தொங்கினால், ஸ்க்ரூவைத் தொடுவதற்கு முன்னால், கார்ப்பரேட்டரை இன்ஜினோடு இணைக்கும் இன்டேக் ரப்பரைப் பாருங்கள். 1996க்கு முந்தைய வண்டி. ரப்பரில் வெடிப்பு இருந்தால் திருட்டுக் காற்று போகும், எவ்வளவு திருகினாலும் வண்டி அடங்காது. கொடைக்கானல் ஏறினால் இந்தக் கணக்கெல்லாம் மாறும். 2,100 மீட்டர் உயரத்தில் காற்று மெலிசு. மதுரையில் சரியாக இருந்த ஜெட் அங்கே புகை கக்கும்.

சோதனை எளிது. முதல் கியரில், ஆக்சிலேட்டரைத் தொடாமல், சமப் பாறையில் வண்டியை விடுவேன். அக்கா மகன் பக்கத்தில் நடந்து வருவான். அவன் நடைக்கு வண்டி இருமாமல் வர வேண்டும். "மாமா, நான் டீ குடிச்சிட்டு வந்து சேந்துக்கறேன்" என்று ஒருநாள் சொன்னான். அன்றைக்குத்தான் டியூனிங் முடிந்தது.

டூ ஸ்ட்ரோக் இன்ஜினுக்கு ஆயில் கொடுக்கும் 2டி பம்பைக் கழற்றி ஓட்டையை அடைத்துவிட்டேன். லிட்டருக்கு 25 மில்லி ஆயிலைப் பெட்ரோலிலேயே கலந்து ஊற்றுகிறேன். வெகுநேரம் ஊர்ந்தால் இன்ஜினின் அடிப்பாகமான கிராங்க் கேஸில் ஆயில் தேங்கும். ஏற்றத்துக்கு முன்னால் நியூட்ரலில் இரண்டு முறை முறுக்கிப் புகையை வெளியே தள்ளிவிடுங்கள். இல்லாவிட்டால் பாதி ஏற்றத்தில் திணறும். காற்றில் குளிரும் இன்ஜின் நடை வேகத்தில் குளிராது. சித்திரை, வைகாசியில் காலை எட்டரைக்கு மேல் நாங்கள் ஓட்டுவதில்லை.

கிளட்ச் லீவரின் அடியில் இரண்டு மூன்று மில்லிமீட்டர் லூஸ் போதும். முதல் கியர் போட்டு கிளட்சை முழுக்கப் பிடித்தால் வண்டி இம்மியும் நகரக் கூடாது. கார் சர்வீஸில் மிஞ்சிய ஆயிலைக் கியர் பாக்ஸில் ஊற்றி ஒருமுறை கிளட்ச் பிளேட்டைத் தின்னக் கொடுத்தேன். இன்ஜின் அலறியது, வண்டி நின்ற இடத்திலேயே நின்றது. கார் ஆயிலில் வழுக்கலுக்குச் சேர்க்கும் சரக்கு எண்ணெயில் முங்கிய கிளட்சுக்கு ஆகாது. டப்பாவில் இந்த மாதிரி கிளட்சுக்கு ஏற்ற ஆயில் என்பதற்கான ஜாசோ எம்ஏ தரக் குறி இருக்கிறதா பாருங்கள்.

செயின் ஓடும் பல் சக்கரமான ஸ்பிராக்கெட்டுக்கு ஒரு வரிதான்: வண்டியை மெதுவாக்க முன்னால் ஒரு பல் குறைப்பதும் பின்னால் மூன்று பல் கூட்டுவதும் ஏறக்குறைய ஒன்றே, முன்னால் மாற்றுவது மலிவு.

டயர் காற்றில்தான் பாதி வித்தை இருக்கிறது. அசல் ட்ரையல்ஸ் டயரில் பின்னால் 4, 5 பிஎஸ்ஐ வைப்பார்கள். டயர் பாறையை உள்ளங்கை போலப் பிடிக்கும். என்னுடையது டியூப் போட்ட பட்டன் டயர், அவ்வளவு இறக்கினால் ரிம் அடிபடும். பின்னால் 9, முன்னால் 10 வைக்கிறேன். பங்க் மீட்டர் இந்த அளவைச் சரியாகக் காட்டாது. 15 வரை மட்டும் காட்டும் சின்ன மீட்டர் ஒன்று வாங்குங்கள். நிழலில் வைத்து அளங்கள், வெயிலில் நின்ற டயர் கூடுதலாகக் காட்டும். காற்றுக் குறைந்த டயர் ரிம்மில் வழுக்கி டியூப் வால்வைப் பிய்க்கும். அதனால் வால்வு நட்டை ரிம்மோடு இறுக்காமல் மூடிப் பக்கமாக ஏற்றி வையுங்கள். வால்வு சாய்ந்து நின்றால் டயர் நகர்ந்துவிட்டது என்று அர்த்தம். இந்தக் காற்றோடு ரோட்டில் ஓட்டவே கூடாது.

ஹேண்டில்பாரில் கிளட்ச், பிரேக் லீவர் கிளாம்ப்களை ரொம்ப இறுக்க வேண்டாம். விழும்போது சுழன்று கொடுக்கட்டும், உடையாது. ஸ்போக்ஸைச் சின்ன ஸ்பானரால் தட்டிக் கேளுங்கள். 'டிங்' என்றால் சரி, 'டொக்' என்றால் லூஸ். ஃபோம் ஃபில்டரை ஒவ்வொரு முறையும் டீசலில் அலசி, சோப்புத் தண்ணீரில் கழுவி, காயவைத்து, எண்ணெய் தடவணும். பெட்ரோலில் போட்டால் ஒட்டு விட்டுவிடும். செயினுக்கு கிரீஸ் வேண்டாம், மண்ணோடு சேர்ந்து அரம் ஆகிவிடும்.

கடைசியாக சீமைக்கருவேல முள். பஞ்சர் ஆனதும் டியூபை மாற்றிப் பூட்டி, பத்தடி போவதற்குள் மறுபடி 'புஸ்'. டயருக்குள் ஒடிந்த முள் நுனி கண்ணுக்குத் தெரியாது, விரலை விட்டுத் தேடினால் விரல்தான் போகும். பழைய பனியனைச் சுருட்டி டயரின் உட்புறம் முழுக்கத் தேய்த்துக்கொண்டே வாருங்கள். எங்கே நூல் மாட்டி இழுக்கிறதோ அங்கே முள். போன ஞாயிற்றுக்கிழமை பின் டயரில் மட்டும் மூன்று எடுத்தோம்.