ஐதர் கலாபம்: ஊர் வரலாறு எழுதுவோர் தவிர்க்க வேண்டிய தவறுகள்

செங்கற்பட்டு, காஞ்சிபுரம் வட்டாரங்களில் ஊர் வரலாறு எழுதத் தொடங்கும் இளைஞர்களின் கட்டுரைகளைத் திருத்தித் தரும் வேலை எனக்கு அடிக்கடி வாய்க்கிறது. 1780 ஜூலையில் மைசூரை ஆண்ட ஹைதர் அலியின் பெரும்படை ஆர்க்காட்டுச் சீமைக்குள் இறங்கிய கட்டத்துக்கு, அதாவது ஊரார் "ஐதர் கலாபம்" என்று சொல்லும் படையெடுப்புக்கு, வந்ததும், இத்துறையில் முன்பு நாங்கள் சறுக்கிய இடங்களிலேயே இவர்களும் சறுக்குகிறார்கள். எழுத்துப் பிழை, பெயர்க் குழப்பம் போன்றவற்றை இங்கே விட்டுவிடுகிறேன்.

எல்லா இடிபாட்டையும் ஹைதர் தலையில் கட்டுவது

இந்தத் தவறு ஒன்றுதான் இன்றும் எனக்கு எரிச்சலூட்டுகிறது. மூளியான சிலை, கூரையில்லாத மண்டபம், குடியற்ற ஊர் என எதைக் காட்டிக் கேட்டாலும் "ஐதர் கலாபத்தில் போனது" என்பார்கள் பெரியவர்கள்; எழுதுபவரும் உடனே 1780 என்று குறித்துக்கொள்வார். அண்மையில் ஓர் இளைஞர், காஞ்சி வரதராசப் பெருமாளை உடையார்பாளையத்துக்குக் கொண்டுபோனது ஹைதருக்கு அஞ்சித்தான் என்று எழுதி வந்தார். பெருமாள் திரும்பி எழுந்தருளியதைச் சொல்லும் 1710ஆம் ஆண்டுக் கல்வெட்டு அந்தக் கோயிலுக்குள்ளேயே இருக்கிறது. அப்போது ஹைதர் பிறக்கவே இல்லை. அந்த இடப்பெயர்ச்சி ஔரங்கசீப்பின் படைகள் தெற்கே வந்த காலத்தது. அந்த ஒரு வரியை நம்பித் தம் ஊரின் கோயில் மானியத்துக்கும் குடிபெயர்வுக்கும் அவர் காலம் கணித்திருந்ததால், பல மாத உழைப்பு வீணாயிற்று.

ஹைதரின் படை ஊர்களை எரித்ததும் ஆடுமாடுகளை ஓட்டிச் சென்றதும் உண்மை; கும்பினிக்கு, அதாவது ஆங்கிலேயக் கிழக்கிந்தியக் கம்பெனிக்கு, நெல்லும் மாடும் கிடைக்கக் கூடாது என்பது அதன் போர்முறை. ஆனால் 1740இல் மராத்தியரும், 1758-59இல் லாலியின் பிரெஞ்சுப் படையும், 1767-69 போரில் ஹைதரே ஒருமுறையும் இந்தச் சீமையைக் கலக்கியிருக்கிறார்கள். ஆகவே ஆர்க்காட்டு நவாப் கும்பினிக்குக் கொடுத்த செங்கற்பட்டு ஜாகீரைச் சேர்ந்த ஊர் என்றால், 1767 முதல் 1774 வரை கும்பினிக்காகத் தாமஸ் பர்னார்ட் எடுத்த ஊர்க் கணக்கை முதலில் பாருங்கள். அதிலேயே ஊர் பாழாகக் கிடந்தால் 1780ஐக் காரணம் காட்ட வழியில்லை. அதில் குடியும் ஏரியும் செழிப்பாக இருந்து, 1790களில் ஆட்சியராக இருந்த லயனல் பிளேசின் அறிக்கையில் பாழ் என்று வந்தால்தான் இந்தப் போரைப் பற்றிப் பேசத் தொடங்கலாம். அப்போதும் 1782ஆம் ஆண்டுப் பஞ்சத்தின் பங்கைத் தனியே பிரித்துப் பார்க்க வேண்டும்.

படை ஒருமுறைதான் வந்தது என்று எண்ணுவது

காஞ்சிக்கு அருகே உள்ள புள்ளலூரில் 1780 செப்டம்பர் 10 அன்று கும்பினித் தளபதி பெய்லியின் படை ஹைதர் படையிடம் அழிந்தது. 1781 ஆகஸ்ட் 27 அன்று அதே புள்ளலூரில் இன்னொரு கும்பினித் தளபதி அயர் கூட் ஹைதரோடு மோதினார். ஓராண்டுக்குள் ஒரே ஊர் இருமுறை போர்க்களமானது; ஆகவே உங்கள் ஊரில் நடந்தது எந்த முறை என்று கேட்டுப் பாருங்கள்.

கும்பினிப் படையை மறப்பது

அந்தப் படையும் நம் ஊர்களின் நெல்லைத்தான் தின்றது. பெய்லி சிக்கியிருந்தபோது கும்பினியின் முதன்மைத் தளபதி ஹெக்டர் மன்றோ காஞ்சியை விட்டு நகரத் தயங்கியதற்கு, அங்கே சேர்த்து வைத்திருந்த தானியமும் ஒரு காரணம். தோல்விச் செய்தி வந்ததும் அவர் கனத்த பீரங்கிகளைக் குளத்தில் தள்ளிவிட்டுச் சென்னைக்குப் பின்வாங்கினார். அந்தத் தானியம் எந்தெந்த ஊர்க் களத்திலிருந்து வந்தது என்று தேடியிருக்கும் ஊர் வரலாறு ஒன்றைக்கூட நான் இதுவரை படித்ததில்லை.